இசைவும் கடனும்: தமிழ்நாட்டில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையின் சட்ட, அற வரலாறு (1971–2025)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1971இல் வேலூரில் நிகழ்ந்தது. அதனை நெறிப்படுத்தும் நடுவண் சட்டம் 1994இல்தான் இயற்றப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சென்னையில் வளர்ந்த சிறுநீரக வணிகத்தை அச்சட்டம் குற்றமாக்கியது. எனினும் 2007இல் எர்ணாவூரிலும் 2025இல் பள்ளிபாளையத்திலும் அவ்வணிகம் மீண்டும் வெளிப்பட்டது. கொடுப்பவரின் இசைவைத் துருவி ஆராயும் சட்டம், அந்த இசைவைப் பிறப்பிக்கும் கடனைத் தன் பார்வைக்கு வெளியே நிறுத்தியதே இதற்கு முதன்மைக் காரணம் என்பதைச் சட்டப் பிரிவுகள், மருத்துவ ஆய்வுகள், மாநில அரசின் நடவடிக்கைகள் ஆகியவற்றின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுநீரக மாற்று, இசைவு, கடன், அங்கீகாரக் குழு, மூளைச்சாவு, மருத்துவ அறம்.

முன்னுரை

மருத்துவர் ஒருவர் நோயாளியின் உடலில் கத்தி வைப்பதற்கு அறமுறையான அடிப்படை இரண்டு. ஒன்று, அச்செயல் நோயாளிக்கு நன்மை பயப்பது. மற்றொன்று, அதற்கு அவர் இசைவது. உயிருடன் இருக்கும் ஒருவரிடமிருந்து சிறுநீரகத்தை எடுக்கும்போது முதல் அடிப்படை இல்லாமற்போகிறது. நலமான ஓர் உடல், தனக்கு எவ்வித மருத்துவப் பயனும் இன்றி, பிறர்பொருட்டு அறுக்கப்படுகிறது. ஆகவே, அந்த அறுவைச் சிகிச்சையின் அறம் முழுவதும் இரண்டாவது அடிப்படையாகிய இசைவின்மேலேயே நிற்க வேண்டியுள்ளது.

அந்த இசைவு எந்தச் சூழலில் தரப்படுகிறது என்பதே இத்துறையின் மையச் சிக்கல். தாய் மகனுக்குத் தருவதும் விசைத்தறித் தொழிலாளி முன்பின் அறியாத ஒருவருக்குத் தருவதும் கையொப்பத்தின் அளவில் ஒன்றே. ஆனால் கையொப்பத்திற்கு முந்திய வாழ்க்கை வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழ்நாட்டின் மருத்துவ உலகமும் சட்டமும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை இக்கட்டுரை காலமுறையில் ஆராய்கிறது.

சட்டத்திற்கு முந்திய காலம்

1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே தலைமையில் ஒத்த இரட்டையரிடையே நிகழ்ந்த சிறுநீரக மாற்று, இத்துறையின் முதல் பெருவெற்றியாகும். இரட்டையர் அல்லாதாரிடையே மாற்று உறுப்பைப் பெறுநரின் உடல் ஏற்க மறுப்பது நெடுங்காலம் பெருந்தடையாக இருந்தது. அதனால் இரத்த உறவினரின் சிறுநீரகமே பெரிதும் விரும்பப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் கண்ட வெற்றியும் உயிருள்ள கொடையாளரின் சிறுநீரகத்தைக் கொண்டதே.

இந்நிலையை மாற்றியது ஒரு மருந்து. உடலின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் சைக்ளோஸ்போரின் 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, பின்னர்ப் பிற நாடுகளிலும் பரவியது. இதன்பின் உறவல்லாதாரின் சிறுநீரகமும் நன்கு பொருந்தி நின்றது. மருத்துவ நோக்கில் இது மாபெரும் முன்னேற்றம். ஆயின் சமூக நோக்கில், யாருடைய சிறுநீரகமும் யாருக்கும் பயன்படக்கூடிய பொருளாயிற்று. விலைக்கு வாங்கத்தக்க பொருள் என்னும் நிலைக்கு அது வந்தது இக்கட்டத்தில்தான்.

1980களில் பம்பாயும் சென்னையும் இவ்வணிகத்தின் மையங்களாயின. வெளிநாட்டினரும் இங்கு வந்து சிகிச்சை பெற்றனர். வடசென்னையை ஒட்டிய வில்லிவாக்கத்தின் குடிசைப் பகுதிகளில் சிறுநீரகம் விற்றோர் மிகுந்திருந்தமையால் அவ்வூர் 'கிட்னிவாக்கம்' என இதழ்களில் குறிக்கப்பட்டது. அப்போது இதனைத் தடுக்கும் சட்டம் எதுவும் நடைமுறையில் இல்லை. அமெரிக்கா 1984இலும், பிரிட்டன் 1989இலும் உறுப்பு வணிகத்தைச் சட்டத்தால் தடைசெய்திருந்தன. உலக மருத்துவச் சங்கம் 1985இல் அதனைக் கண்டித்திருந்தது. எனவே, உலக அளவில் அறமற்றது எனத் தீர்மானிக்கப்பட்ட ஒன்று, சென்னையில் சட்டத்திற்கு முரணாகாத தொழிலாக நடந்துவந்தது எனலாம்.

மருத்துவரிடையே எழுந்த விவாதம்

இக்காலத்தில் சென்னை மருத்துவரிடையே எழுந்த கருத்து வேறுபாடு, இன்றளவும் உலக அளவில் தொடரும் விவாதத்தின் இரு முனைகளையும் கொண்டிருந்தது. கே. சி. ரெட்டி முதலியோர், ஏழைநாட்டில் இரத்தச் சுத்திகரிப்பைத் தொடர இயலாத நோயாளிக்கு மாற்றுச் சிகிச்சை ஒன்றே வழி என்றும், பணம் பெறுவதை மறைக்காமல் இடைத்தரகரை விலக்கி நேர்மையான தொகையும் மருத்துவக் கவனிப்பும் தருவதே அறம் என்றும் வாதிட்டனர். 'வெகுமதியுடன் கூடிய கொடை' என்னும் கருத்து இவ்வாதத்தைச் சார்ந்து வழங்கியது.

சிறுநீரகவியல் வல்லுநர் எம். கே. மணி இதனை வன்மையாக மறுத்தார். விலைக்குச் சிறுநீரகம் கிடைக்குமாயின் நோயாளியின் உறவினர் கொடுக்க முன்வரமாட்டார் என்பதும், இறந்தோரிடமிருந்து உறுப்புப் பெறும் திட்டம் வேரூன்றாது என்பதும் அவர்தம் வாதத்தின் சாரம். இவ்விரண்டாவது கருத்து ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. வணிகத்தை வெறும் தனிமனிதப் பிழையாகக் காணாமல், ஒரு மருத்துவ அமைப்பின் வளர்ச்சியையே திசைமாற்றும் ஆற்றலாக அது கண்டது.

1998இல் 'லான்செட்' இதழில் ஜேனட் ராட்கிளிஃப்-ரிச்சர்ட்ஸ் உள்ளிட்டோர், விற்பனையைத் தடைசெய்வது ஏழைக்கு எஞ்சியிருக்கும் வழியையும் அடைப்பதாகும் என எழுதினர். வறுமையை நீக்காமல் விற்பனையை மட்டும் தடுப்பதால் ஏழைக்கு என்ன நன்மை என்பது அவர்தம் வினா. இவ்வினாவுக்குரிய விடை சென்னையிலிருந்தே பின்னர்க் கிடைத்தது.

1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிவிலக்கும்

எல். எம். சிங்வி குழு 1991இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, மனித உறுப்புகள் மாற்றுச் சட்டம் 1994 ஜூலையில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மக்கள் நல்வாழ்வு மாநிலப் பட்டியலில் உள்ள பொருளாதலால், அரசமைப்பின் 252ஆவது உறுப்பின்கீழ் சில மாநிலங்களின் தீர்மானத்தைக் கொண்டே நாடாளுமன்றம் இதனை இயற்றியது. 1995 பிப்ரவரி 4இல் கோவா, இமாசலப் பிரதேசம், மகாராட்டிரம், ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தைத் தமிழ்நாடு அவ்வாண்டிலேயே ஏற்றுக்கொண்டது.

இச்சட்டம் மூன்று செயல்களைச் செய்தது: மூளைச்சாவை மரணமாக ஏற்றது, உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கியது, உயிருள்ளோர் கொடையை நெருங்கிய உறவினர்க்குள் வரம்பிட்டது. கணவன் அல்லது மனைவி, மகன், மகள், தந்தை, தாய், உடன்பிறந்தோர் ஆகியோரே முதலில் நெருங்கிய உறவினராகக் கொள்ளப்பட்டனர். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரையும் சேர்த்தது.

ஆனால் 9ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு ஒரு விதிவிலக்கை வைத்தது. பெறுநர்மேல் கொண்ட பாசம் அல்லது பற்றின் காரணமாகவோ வேறு சிறப்புக் காரணத்தாலோ உறவினர் அல்லாத ஒருவரும் தரலாம்; அதற்கு அங்கீகாரக் குழுவின் முன் ஒப்புதல் வேண்டும் என்பது அது. நண்பரின் உண்மையான கொடையைத் தடுக்கலாகாது என்னும் நல்லெண்ணம் இதன் பின்னணியில் இருந்தது. நடைமுறையிலோ, வெளிப்படையாக நடந்த விற்பனை இப்போது பாசத்தின் பெயரால் ஆவணமாக எழுதப்பட்டது. வீட்டு வேலை செய்பவர் முதலாளிமேல் கொண்ட பற்று, ஓட்டுநர் உரிமையாளர்மேல் கொண்ட நன்றி முதலிய உறவுகள் பிரமாணப் பத்திரங்களில் தோன்றலாயின.

பாசத்தை அளக்கும் பணி நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. குல்தீப் சிங் எதிர் தமிழ்நாடு அரசு (2005) வழக்கில், பிற மாநிலத்தவர் சென்னையில் சிகிச்சை பெற முற்பட்டபோது அவர்களை ஆராய வேண்டியது எந்த மாநிலக் குழு என்னும் வினா எழுந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் சார்ந்த மாநிலத்தின் குழுவே உண்மையை அறிய ஏற்றது என உச்ச நீதிமன்றம் கருதியது. பாசமோ பற்றோ உண்டென மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்போரைச் சாரும் என்றும் அது கூறியது.

பின்னர் 2014ஆம் ஆண்டு விதிகள் குழுவின் ஆய்வை விரிவாக வரையறுத்தன. கொடுக்க விரும்பும் காரணம், இருவருக்குமுள்ள தொடர்பின் ஆவணச் சான்று, இருவரும் சேர்ந்திருக்கும் பழைய நிழற்படங்கள், இடைத்தரகர் இன்மை, மூன்றாண்டு வருமானச் சான்று, இருவரின் பொருளியல் நிலையிலுள்ள பெரும் ஏற்றத்தாழ்வு ஆகியன ஆராயப்படல் வேண்டும். இவ்விதிகள் கவனமாக வகுக்கப்பட்டவை என்பதில் ஐயமில்லை. எனினும் இவை வருமானத்தைக் கேட்கின்றனவேயன்றிக் கடனைப் பெயர் குறித்துக் கேட்கவில்லை. யாரிடம், எவ்வளவு, எவ்வட்டிக்கு வாங்கப்பட்டது என்னும் வினா குழுவின் மேசைக்கு வருவதில்லை.

கடனின் கணக்கு

இக்குறையின் ஆழத்தை விளக்கும் ஆய்வு ஒன்று சென்னையிலேயே நிகழ்ந்தது. மாதவ் கோயல் உள்ளிட்ட நால்வர், 2001 பிப்ரவரியில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்துத் திரட்டிய தரவுகள் 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தன. விற்றோருள் 71 விழுக்காட்டினர் பெண்கள். 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றனர். சராசரியாக 1,410 டாலர் தருவதாக உறுதியளிக்கப்பட்டு, 1,070 டாலரே தரப்பட்டது. அதன்பின் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சராசரியாக 660 டாலரிலிருந்து 420 டாலராகக் குறைந்தது. கடனுக்காக விற்றோருள் நான்கில் மூன்று பங்கினர் ஆய்வின்போதும் கடனிலேயே இருந்தனர். 86 விழுக்காட்டினர் தம் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். 79 விழுக்காட்டினர் பிறர் இவ்வாறு விற்பதைப் பரிந்துரைக்கமாட்டோம் என்றனர்.

விற்பனை ஏழைக்கு ஒரு வழியைத் தருகிறது என்னும் வாதத்துக்கு இத்தரவுகள் நேரான மறுப்பாகும். உடலுழைப்பை நம்பிய குடும்பத்தில் உடல்நலம் குன்றினால் கூலி குறைகிறது. கூலி குறைந்தால் புதிய கடன் பிறக்கிறது. விற்றோர் வறியரானது வணிகம் சட்டவிரோதமாக நடந்ததால்தான் என ஒரு மறுப்பு எழலாம். ஆயின் இவர்கள் ஆய்வுக்குச் சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் விற்றவர்கள். எனவே, சட்டம் நடைமுறைக்கு வருமுன் தடையின்றி விற்றோரும் இவர்களுள் அடங்குவர் எனக் கொள்வது பொருந்தும்.

மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன், சென்னையில் நிகழ்த்திய களஆய்வின்வழி மேலும் ஒரு செய்தியை வெளிப்படுத்தினார். சிறுநீரகம் விற்கப்படும் பகுதியில், கடன் கொடுப்போர் அதனை முன்னரே பிணையாகக் கணக்கிடத் தொடங்குகின்றனர். நகையோ நிலமோ இல்லாத குடும்பத்திடம் அடகு வைக்க ஒன்று இருக்கிறது என்னும் எண்ணம் பரவுகிறது. இதனால் விற்க விரும்பாதவரும் விற்றாக வேண்டிய நெருக்கடிக்கு ஆளாகின்றனர். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு ஏற்கெனவே உட்பட்ட பெண்களின் உடலே குடும்பத்தில் முதலில் அறுவைக்குரியதாகக் கருதப்படுவதையும் அவர் சுட்டுகிறார். ஆக, ஒருவரது இசைவு அவரோடு நிற்பதன்று; அவர் வாழும் தெருவின் கடன் நிபந்தனைகளையே மாற்றவல்லது என்பது புலனாகிறது.

தமிழ்நாடு 2003இல் அதீத வட்டி வசூலிப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. கந்துவட்டியைக் குற்றமாக்கும் சட்டமும், உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கும் சட்டமும் ஒரே குடும்பத்தின் ஒரே துயரத்தை இரு முனைகளில் தொடுகின்றன. எனினும் ஒன்றின்கீழ் நடக்கும் விசாரணை மற்றொன்றைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் கட்டாயம் எச்சட்டத்திலும் இல்லை.

குற்றவாளியா, பாதிக்கப்பட்டவரா?

1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உறுப்புக்குப் பணம் கொடுப்பவரையும் பெறுபவரையும் இடைத்தரகரையும் ஒருங்கே குற்றவாளியாக்குகிறது. முதலில் 2 முதல் 7 ஆண்டுச் சிறையும் 10,000 முதல் 20,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்பட்டன. திருத்தத்திற்குப்பின் இது 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தண்டமுமாக உயர்ந்தது. கடனுக்காகச் சிறுநீரகம் விற்றவரும் எழுத்தளவில் இத்தண்டனைக்கு உரியவரே. பேசிய தொகை கைக்கு வராதபோது அவர் முறையிட முடியாது. முறையீடே ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். தண்டனையைக் கடுமையாக்கிய திருத்தம், விற்றவரின் மௌனத்தையும் இறுக்கமாக்கியது.

22ஆம் பிரிவு இச்சிக்கலைப் பெருக்குகிறது. உரிய அதிகார அமைப்போ அதன் அலுவலரோ முறையீடு செய்தாலன்றி நீதிமன்றம் இக்குற்றத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள இயலாது. பிறர் முறையிடுவதாயின் அவ்வமைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மருத்துவமனைக்கு உரிமம் வழங்கிய அமைப்பே அம்மருத்துவமனைக்கு எதிரான வழக்கின் வாயிலையும் காக்கும் நிலை இதனால் ஏற்பட்டது.

இதற்கு முற்றிலும் மாறான நோக்கு வேறொரு சட்டத்தில் உள்ளது. 2013இல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு, கட்டாய உறுப்பு அகற்றலை ஆட்கடத்தலின் சுரண்டல் வகைகளுள் ஒன்றாக எண்ணியது. ஆட்கடத்தலை முடிவுசெய்வதில் பாதிக்கப்பட்டவரின் இசைவு பொருட்டன்று என்றும் அது கூறியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு இதனைத் தொடர்கிறது. ஒரு சட்டம் இசைவையே அடித்தளமாகக் கொண்டு விற்றவரைக் குற்றவாளியாக்குகிறது. மற்றொன்று இசைவைப் புறந்தள்ளி அவரைப் பாதிக்கப்பட்டவராகக் காண இடமளிக்கிறது. ஒரே மனிதர் எந்தச் சட்டத்தின் வாயிலாகப் பார்க்கப்படுகிறார் என்பது விசாரணை அலுவலரின் தேர்வாக எஞ்சுகிறது.

சட்டத்தினுள்ளேயே போதிய அளவு பயன்படுத்தப்படாத வாய்ப்பு ஒன்றும் உண்டு. 'பணம்' என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறை, கொடையாளர் உறுப்பு தருவதால் நேரடியாக ஏற்படும் செலவையும் இழக்கும் கூலியையும் விலக்கிவைக்கிறது. அதாவது, இழந்த கூலியை ஈடுசெய்வது வணிகமன்று. ஆனால் அதனை யார், எப்போது, எக்கணக்கில் தருவது என்பதை அச்சட்டம் வகுக்கவில்லை.

இறந்தோர் உறுப்புக்கொடை என்னும் மாற்றுவழி

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையால் வாழிடமும் தொழிலும் இழந்து, வடசென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் பலர் சிறுநீரகம் விற்ற செய்தி 2007 ஜனவரியில் வெளியானது. சட்டம் நடைமுறைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், பேரிடர் நிவாரணக் குடியிருப்பே தரகர்களின் இலக்கானது அரசை அசைத்தது. உயிருள்ளோரின் இசைவைக் கண்காணிப்பது மட்டும் போதாது. உறுப்பு கிடைக்கும் வழியையே மாற்ற வேண்டும் என்னும் தெளிவு இதன்பின் வலுப்பெற்றது.

2008இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணைகள், மூளைச்சாவைச் சான்றளித்தல், காத்திருப்போர் பதிவேடு, மருத்துவமனைகளிடையே உறுப்புப் பகிர்வு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தின. மருத்துவர் ஜெ. அமலோற்பவநாதன் ஒருங்கிணைப்பாளராக இருந்து இத்திட்டத்தை வளர்த்தார். அவ்வாண்டு செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவுற்ற சிறுவன் ஒருவனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் கொடையளித்த நிகழ்வு மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. பின்னர்த் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நிறுவப்பட்டது. உறுப்புக்கொடை அளித்தோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

இத்திட்டத்தின் அறவலிமை அதன் அமைப்பில் உள்ளது. மூளைச்சாவை நால்வர் குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை ஆய்ந்து சான்றளிக்கிறது. மாற்றுச் சிகிச்சை செய்யும் மருத்துவர் அக்குழுவில் இடம்பெறலாகாது. உறுப்பு யாருக்குச் செல்லும் என்பதைக் கொடுப்பவரின் குடும்பமோ வாங்குபவரின் பணமோ தீர்மானிப்பதில்லை. பதிவேட்டின் வரிசை தீர்மானிக்கிறது. விற்பனை இருக்கும்வரை இத்திட்டம் வேரூன்றாது என மணி முன்னர்க் கூறியதன் மறுதலையையும் இவ்வரலாறு காட்டுகிறது. இத்திட்டம் வளரும் அளவுக்கே விற்பனையின் தேவை சுருங்கும்.

ஆயினும் அது முழுமையான தீர்வாகவில்லை. இந்தியாவில் இன்றும் சிறுநீரக மாற்றுகளுள் பெரும்பான்மை உயிருள்ளோர் கொடையால் நிகழ்வனவே. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர் கடனுக்காகச் சிறுநீரகம் விற்றது வெளிப்பட்டது. அரசு விசாரணை நடத்தி, இரு தனியார் மருத்துவமனைகளின் மாற்றுச் சிகிச்சை உரிமத்தை நிறுத்திவைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க ஆணையிட்டது. வில்லிவாக்கம், எர்ணாவூர், பள்ளிபாளையம் ஆகிய மூன்றிலும் இடமும் தொழிலும் வேறு, கடன் ஒன்றே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. 1994ஆம் ஆண்டுச் சட்டம் வணிகத்தை ஒழித்தது என்பதைவிட, அதனைப் பாசத்தின் ஆவணமாக உருமாற்றியது என்பதே பொருந்தும். 9(3)ஆம் பிரிவின் விதிவிலக்கு இதற்கு இடமளித்தது.

2. அங்கீகாரக் குழுவின் ஆய்வு உறவையும் வருமானத்தையும் சார்ந்தது. கொடையாளரின் கடன்நிலையை அது நேராகக் கேட்குமாயின், இசைவின் பின்னுள்ள நெருக்கடி வெளிப்பட வாய்ப்புண்டு. கந்துவட்டி வெளிப்படும் நேர்வில் அச்செய்தி 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கைக்கு அனுப்பப்படுதல் வேண்டும்.

3. விற்றவரைக் குற்றவாளியாகக் கொள்வது தரகருக்கும் மருத்துவமனைக்கும் அரணாகிறது. முறையிட முன்வரும் விற்பனையாளருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளிப்பது, சட்டம் தன் நோக்கத்தை எய்தத் துணைபுரியும்.

4. உண்மையான கொடையாளரின் கூலியிழப்பை ஈடுசெய்யச் சட்டமே இடந்தருகிறது. அதனை அரசு வழியாக, பெறுநரின் கை படாமல் வழங்கும் முறை வகுக்கப்பட்டால் கொடைக்கும் விற்பனைக்கும் உள்ள எல்லை தெளிவுறும்.

இசைவு மருத்துவ அறத்தின் உயர்ந்த கோட்பாடு. ஆனால் வட்டி கட்ட வழியற்றவரிடம் பெறும் கையொப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இசைந்தார் எனக் கூறுவது அக்கோட்பாட்டைக் காப்பதாகாது. அவருக்கு மறுக்கவும் இயலுமா என்பதைக் கேட்டறிந்த பின்னரே இசைவு என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகிறது.